வாங்குகிறவருக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், மாணவர் சேவை மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் கிடங்கில் வேலை பார்ப்பவள். நன்கொடையாக வருகிற பொருள்களைப் பிரித்து, தரம் பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரும்படி செய்வது என் வேலை. வருகிற மூட்டைகளில் கணிசமானவை பள்ளிகளிலிருந்து வருபவை. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை, அவர்கள் கட்டிய மூட்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மூட்டையைப் பிரித்தாலே, கட்டியவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஒன்றில் சட்டைகள் துவைத்து, மடித்து, எந்த வயதுக்குப் பொருந்தும் என்று சீட்டு எழுதிக் குத்தியிருக்கும். பென்சில் பெட்டியைத் திறந்தால் எல்லாப் பென்சிலும் சீவி இருக்கும். அடுத்ததைப் பிரித்தால் ஜிப் போன புத்தகப்பை, ஜோடி இல்லாத ஒற்றை ஷூ, பாதி விடை எழுதிய பயிற்சிப் புத்தகம், ஈரம் காயாமல் கட்டியதில் பூசணம் பூத்த போர்வை. இரண்டும் ஒரே பள்ளியிலிருந்து ஒரே நாளில் வந்திருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "வீட்டில் தேவையில்லாத பொருள்கள் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தால், தேவையில்லாததுதான் வரும். பிள்ளை சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

எனக்குச் சிக்கல் அந்த அறிவிப்பில்தான். அது கொடுப்பவர் வீட்டு அலமாரியில் தொடங்கி, அலமாரி காலியானதும் முடிந்துவிடுகிறது. எதிர்முனையில் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஓர் அளவு உண்டு, பிடித்த நிறம் உண்டு, வேண்டாம் என்று சொல்ல வாயும் உண்டு என்பது எங்குமே வருவதில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்குகிறோம் என்றால், முதலில் அவர்களுக்குக் கேட்கத் தெரிய வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவும், வருகிற பதில் தாங்கள் நினைத்தது இல்லை என்றால் முகம் வாடாமல் அதை ஏற்றுக்கொள்ளவும்.

சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது எவ்வளவு கூச்சமான வேலை என்று தெரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு முறை எங்களுக்குப் போன் செய்தாள். பின்னால் தோழிகள் கிசுகிசுப்பது கேட்டது. "மேடம், நாங்க போர்வை சேகரிக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு எத்தனை வேணும்?" போர்வை நிறைய இருக்கிறது, இனி வைக்க இடமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அப்போ வேற என்ன வேணும்?" சொன்னேன்: புது உள்ளாடைகள், எல்லா அளவிலும். சானிட்டரி நாப்கின். வயதானவர்களுக்கான டயாப்பர். மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு, அப்புறம் "ஷ்ஷ்" என்று யாரோ அதட்டல். போர்வை படம் போட்ட போஸ்டரெல்லாம் தயாராகிவிட்டதாம். சரி, பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு அளவுப் பட்டியல் கேட்டாள். இடையில் அந்தக் குழுவுக்குள் நடந்த பேச்சுதான் உண்மையான வகுப்பு. பழைய சட்டை கொடுக்கலாம், பழைய உள்ளாடை ஏன் கொடுக்கக் கூடாது என்ற கேள்வியை அவர்கள் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். (உள்ளாடையை யாரும் நன்கொடையாகத் தருவதில்லை. மேடையில் வைத்து வழங்கவும் முடியாது பாருங்கள். அதனால் எப்போதும் தட்டுப்பாடுதான்.)

கேட்காமல் அனுப்பும் அன்பு சுமையாகிவிடுவதும் உண்டு. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுன் நகரில், ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துக்கத்தில் பங்கெடுக்க நினைத்தவர்கள் எங்கெங்கிருந்தோ கரடி பொம்மைகளை அனுப்பினார்கள். சுமார் 65,000 பொம்மைகள் வந்து குவிந்தன. ஊரின் மொத்த மக்கள்தொகையே 28,000 அளவில்தான். வைக்க ஒரு கிடங்கு, பிரிக்க ஆட்கள் என்று துக்க வீட்டின் தலையில் இன்னொரு வேலை ஏறியது. கேட்காத பொருள்கள் இப்படி வந்து குவிவதை நிவாரணப் பணியில் இருப்பவர்கள் 'இரண்டாவது பேரிடர்' என்றே சொல்வார்கள். பொம்மை அனுப்பிய ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இது வகுப்பில் பேச நல்ல உதாரணம். "நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?" என்று பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்து உட்காருங்கள். ஒரு பாடவேளை போதாது.

இனி மேடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

ஒரு பள்ளியின் பொருள் வழங்கும் விழாவுக்கு எங்கள் அமைப்பு வழியாக உதவி பெறும் பிள்ளைகள் சிலரை அழைத்துப் போயிருந்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பையன் மேடையேறிப் புத்தகப்பையை வாங்கினான். போட்டோ எடுப்பவர் தலையை அசைத்தார். பேனர் மறைகிறதாம். பையைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் வாங்கச் சொன்னார்கள். இந்த முறை பையன் கீழே பார்த்துவிட்டான். மறுபடியும். "தம்பி, சிரி" என்றார் ஒருவர். சிரித்தான். அவன் சிரித்தது கேமராவுக்கு. கண் போனது முன்வரிசைக்கு. அங்கே அவன் வயதுப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதே மாதிரி புத்தகப்பை வைத்திருந்தவர்கள், அதற்காக எந்த மேடையிலும் ஏறாதவர்கள். அந்தப் பை நல்ல பைதான். அவன் அதற்குப் பின் அதைத் தோளில் மாட்டி நான் பார்க்கவில்லை.

1967இல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்தினரைப் பற்றி ஒன்றைக் கவனித்து எழுதினார். தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் இருப்பதாகவும், எல்லோரும் தன்னையே கவனிப்பதாகவும் இந்த வயதுப் பிள்ளைக்குத் தோன்றும் என்றார். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே பார்க்கிறது என்று பள்ளிக்கு மட்டம் போடும் வயது இது. ஆசிரியர்களான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கற்பனைக் கூட்டத்துக்கே இப்படிக் கூசுகிற பிள்ளையை நிஜக் கூட்டத்தின் முன் நிறுத்தி, இவனிடம் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் நம் வழங்கும் விழா.

இதில் நாம் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு. கொடுப்பவர் ஒரு பள்ளி, வாங்குகிறவர் வேறெங்கோ என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் வகுப்பிலேயே, மூன்றாவது பெஞ்சில், எங்கள் கிடங்கிலிருந்து போன சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மாணவன் உட்கார்ந்திருக்கலாம். "ஏழை எளியவர்களுக்கு உதவுவோம், அவர்கள் பாவம்" என்று நீங்கள் பேசும்போது, அவனும் தலையாட்டிக்கொண்டு கேட்கிறான். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று போட்டி வைத்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அந்தப் பட்டியலில் தன் பெயர் எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வீட்டில் சண்டை போட்டாவது எதையாவது கொண்டுவருவான், அல்லது அன்றைக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

இந்த அவமானத்தைச் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது ஓரிடத்தில். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் மதிய உணவுக்கான பணம் பாக்கி வைத்த பிள்ளைகளின் கையில் முத்திரை குத்தி அனுப்பும் வழக்கமும், மேசை துடைக்கச் சொல்லும் வழக்கமும் இருந்தன. நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் இதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. முத்திரை குத்தியவர்கள் எல்லாம் கொடூரமானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நம் பேனரும் வரிசையும் போட்டோவும்கூட நிர்வாக வசதிதான்.

போட்டோவுக்கு ஆதரவாக ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியில்லை. முகம் தெரிந்தால்தான் பணம் வருகிறது. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், லட்சக்கணக்கானோரின் பசி பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் பார்த்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. நிதி திரட்டுகிற எவருக்கும் இது அனுபவத்தில் தெரியும், எங்கள் அமைப்புக்கும் தெரியும். அதனால் போட்டோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளியின் நோக்கம் நிதி திரட்டுவதா, பிள்ளைகளைப் பழக்குவதா? பழக்குவதுதான் என்றால் இந்த ஆய்வையே பாடமாக வையுங்கள். ஒரு முகத்துக்கு இளகும் நம் மனம் ஆயிரம் பேருக்கு ஏன் இளகுவதில்லை என்று பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் விவாதிக்கட்டும். அந்தச் சிறுமியிடம் யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா என்றும் கேட்கட்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் பேரிடர் நிவாரணத்துக்கென்று 10 அம்ச நடத்தை நெறியை வகுத்தன. அதன் பத்தாவது அம்சம், விளம்பரத்திலும் செய்தியிலும் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தையும் கௌரவத்தையும் காக்கச் சொல்கிறது. பள்ளிச் சுவரில் குழந்தை உரிமைகளை அழகாக எழுதி வைத்துவிட்டு, அதே சுவருக்கு முன்னால் நின்று அந்த போட்டோவை எடுக்கிறோம். உங்கள் மாணவரின் மதிப்பெண்ணை அவர் அனுமதி இல்லாமல் வெளியிடத் தயங்குகிறீர்கள் அல்லவா, அந்தத் தயக்கம் இதற்கும் இருந்தால் போதும்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 20 மாதக் குழந்தைகள் கீழே விழுந்த பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசாக ஒரு பொருள் பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு நின்றபோது, எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாக உதவினார்கள். பேச்சே சரியாக வராத வயதில் இப்படி என்றால், கல்லூரி விண்ணப்பத்துக்கு எத்தனை மணிநேரச் சேவை வேண்டும் என்று கணக்குப் போடும் வயதில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பரிவை வரவழைக்கப் பள்ளிகள் கையாளும் வழிகளில் இரண்டு எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்று, ஒருநாள் பட்டினி கிடந்து பார்ப்பது, வெறுங்காலோடு நடந்து பார்ப்பது போன்ற நிகழ்ச்சிகள். மாலையில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்தவரின் பசி வேறு. நாளைக்கு என்ன என்ற கவலையை ஒத்திகை பார்க்க முடியாது. பார்த்துவிட்டோம் என்ற நினைப்புதான் மிச்சமாகும். இன்னொன்று, "இவர்களைப் பார், உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துத் திருப்திப்படு" என்ற அறிவுரை. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இதில் அடுத்தவர் கஷ்டம் நம் பிள்ளையின் மனநிறைவுக்குப் பயிற்சிக் கருவியாகிவிடுகிறது. எங்கள் இடத்துக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று புரிந்தது" என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவைத்துப் போகிறார்கள். அதைத் துடைக்க வருகிற எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அதற்குப் பதில் வேறொன்றைக் கேளுங்கள். நீ கடைசியாக யாரிடம் உதவி வாங்கினாய்? காய்ச்சலில் படுத்தபோது நோட்டு கொடுத்த தோழி, பேருந்தில் காசு போதாமல் நின்றபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்த முன்பின் தெரியாதவர், வீட்டுக்குத் தெரியாமல் தேர்வுக் கட்டணம் கட்டிய ஆசிரியர். வாங்காத பிள்ளையே கிடையாது. அப்போது எப்படி இருந்தது, யார் கொடுத்தது வலிக்கவில்லை, யார் கொடுத்தது இன்னும் உறுத்துகிறது, ஏன்? சத்தமாகச் சொல்ல வேண்டாம், எழுதி அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இதை எழுதிப் பார்த்த பிள்ளை கட்டும் மூட்டையை நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன்.

மூட்டைகளுக்குள் சில சமயம் பிள்ளைகள் எழுதிய அட்டைகள் வரும். "அன்புள்ள ஏழைத் தம்பிக்கு, கவலைப்படாதே, கடவுள் உனக்கு உதவுவார்" என்று ஓர் அட்டை. வண்ணப் பென்சிலில் பூ எல்லாம் வரைந்து, உண்மையான அன்போடு எழுதியது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன், அனுப்பவில்லை. இன்னொரு முறை ஒரு கதைப் புத்தகத்துக்குள் சின்னச் சீட்டு: "நடுவுல கொஞ்சம் போரடிக்கும், விட்டுடாதீங்க, கடைசி அத்தியாயம் செம." அதை அப்படியே உள்ளே வைத்து அனுப்பினேன். முதல் சீட்டு ஓர் ஏழைக்கு எழுதியது, இரண்டாவது ஒரு வாசகருக்கு எழுதியது. நன்றிக் கடிதம் எழுதி அனுப்பச் சொல்லி எங்களைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நன்றி தானாக வந்தால் வரட்டும்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடெஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். அதில் ஒரு படிக்கு அவர் தரும் உதாரணம், காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடந்த பெரியவர்கள். பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்வார், கூச்சப்பட வேண்டியதில்லை. யார் எடுத்தார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலான படியாக அவர் வைத்தது, கடனோ வேலையோ தொழிலில் பங்கோ கொடுத்து, இனி ஒருவரிடம் கேட்க வேண்டாதபடி ஒருவரை நிற்கவைப்பதை. எட்டையும் பலகையில் எழுதி, நம் பள்ளி விழா எந்தப் படியில் நிற்கிறது என்று மாணவர்களையே கேட்டால், அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கும் ஆசை. அந்தக் கடைசிப் படியைப் பேசும்போது, "அப்படியென்றால் இவர்களுக்கு ஏன் முதலிலேயே இல்லாமல் போனது?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். கூலி, வாடகை, மருத்துவச் செலவு என்று பேச்சு எங்கெங்கோ போகும். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று நிறுத்திவிடாதீர்கள். துணி சேகரிப்பதைவிட அந்தப் பேச்சு முக்கியம்.

எங்கள் கிடங்கைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முன்பெல்லாம் நாங்களே துணிகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்போம். பிரிக்க உதவிக்கு வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், "இதை ஹேங்கர்ல மாட்டி வச்சா அவங்களே எடுத்துக்குவாங்கல்ல? ஒரு கண்ணாடியும் வைக்கலாமே" என்றான். வைத்தோம். இப்போது வருகிறவர்கள் போட்டுப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி மாட்டிவிட்டுப் போகிறார்கள். வீணாவது குறைந்துவிட்டது. ஒன்றுமே எடுக்காமல் போகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்து அந்த மாணவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். "இவ்வளவு நல்ல சட்டையை வேண்டாம்னுட்டாங்களே!" நீ கடைக்குப் போனால் பார்க்கிறதையெல்லாம் எடுத்துவிடுவாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த சட்டையை மாட்டப் போய்விட்டான்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை சேகரிக்கத் தொடங்கும் முன், யாருக்காகச் சேகரிக்கிறீர்களோ அவர்களையோ, அவர்களோடு வேலை செய்கிறவர்களையோ மாணவர்களே கூப்பிட்டுக் கேட்கட்டும். பணமாகக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பதில் வந்தால், நம்பிக் கொடுக்கலாமா என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும், கணக்கும் கேட்கட்டும். வழங்கும் விழாவை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் மாணவர்களைச் சிறு சிறு குழுவாகப் பொருள் பிரிக்க அனுப்புங்கள். தூசியும் நாற்றமும் இருக்கும். தாங்கள் அனுப்பிய ஒற்றை ஷூவைத் தாங்களே குப்பையில் போட வேண்டிவரும். போன் வேண்டாம், சீருடையும் வேண்டாம், பேனர் கண்டிப்பாக வேண்டாம். ஆசிரியர்களும் கூட வந்தால் நல்லது, மாட்ட வேண்டிய துணி எப்போதும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
கிடங்கில் பொருள் பிரிப்பவள்